கள்ளிச்செடி அழுகுவதற்குக் கைராசி காரணமல்ல, மண்தான்

மேசைக்கு அழகாக இருக்கும் என்று வாங்கிவந்த சின்னக் கள்ளிச்செடி. இரண்டு மூன்று மாதங்கள் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அடிப்பகுதி மெல்லப் பழுப்பேறும். தொட்டால் குழைவாக இருக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் செடி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும்.

சிங்கப்பூரில் கள்ளி வளர்க்க முயன்ற பல வீடுகளில் இது நடந்திருக்கிறது. “நமக்குச் செடிக் கைராசி இல்லை” என்று சொல்லித் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவோரும் உண்டு. முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று பாட்டி அன்றே சொன்னார் என்று நினைத்துக்கொள்வோரும் உண்டு. ஆனால் அதே வீட்டு வாசலில் கறிவேப்பிலையும் துளசியும் வெற்றிலைக்கொடியும் தளதளவென்று நிற்கும். கைராசியில் குறையிருந்தால் அவை எப்படி வளரும்?

உண்மையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கறிவேப்பிலைக்கு வாங்கிய அதே மூட்டை மண்ணில்தான் பெரும்பாலும் கள்ளியையும் நடுகிறோம். ஈரத்தைப் பிடித்துவைப்பதற்காகவே தயாரிக்கப்பட்ட மண் அது. கறிவேப்பிலைக்கு அது வரம். கள்ளிக்கு அது மெதுவாகக் கொல்லும் சதுப்பு நிலம்.

ஊர்க் கள்ளி வேறு, கடைக் கள்ளி வேறு

மண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, கையில் இருப்பது எந்தச் செடி என்று தெரிந்துகொள்வது நல்லது. தமிழில் கள்ளி என்ற சொல் பலவற்றைக் குறிக்கும். ஊர் வேலியோரத்தில் பார்த்த சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் உடைத்தால் பால் வடிபவை. தாவரவியல் கணக்கில் அவை ‘காக்டஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்ல. கற்றாழையும் வேறு குடும்பம். உண்மையான காக்டஸ் செடிகளின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் மரங்களில் தொங்கி வளரும் ‘ரிப்சாலிஸ்’ என்ற ஒரே ஓர் இனம்தான் விதிவிலக்கு.

அப்படியானால் தமிழ்நாட்டுக் காடுமேடெல்லாம் கிடந்த சப்பாத்திக்கள்ளி? அதுவும் கப்பலேறி வந்ததுதான். வந்த இடத்தில் வயல்வெளிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிப் பரவியதால், அதை அழிக்க 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. ஊரில் அதன் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், ‘கள்ளிக்கு மண் எதற்கு, எங்கே போட்டாலும் முளைக்கும்’ என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் சப்பாத்திக்கள்ளி முரட்டுச் செடி. கடையில் கிடைக்கும் உருண்டையான, விரல் நீளக் கள்ளிகள் அப்படியல்ல. அவற்றில் பல, மெக்சிகோ, ஆர்ஜென்டினா போன்ற நாடுகளின் வறண்ட சரிவுகளில், பாறை இடுக்குகளில் வளரும் இனங்களின் வழிவந்தவை.

தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டையோடு விற்கப்படும் கள்ளி இன்னொரு வகை. அது ஒட்டுக்கட்டிய இரட்டைச் செடி. மேலே இருக்கும் வண்ண உருண்டையில் பச்சையம் இல்லை, தானாக உணவு தயாரிக்க அதனால் முடியாது. கீழே இருக்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் ‘டிராகன் ஃபுரூட்’ கொடியின் தண்டு. அது பாலைவனச் செடியன்று. வெப்பமண்டலக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறுவது. அதனால் அதற்கான கலவையில் சற்று அதிக ஈரம் இருந்தாலும் தாங்கும். இந்த அடிப்படை வேறுபாடு தெரிந்தால், எல்லாக் கள்ளிக்கும் ஒரே மூட்டை என்று எடுக்கத் தோன்றாது.

இங்கு மண் ஏன் காய்வதில்லை

வானிலை ஆய்வகத்தின் 1991 முதல் 2020 வரையிலான பதிவுகளின்படி, சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டில் 171 நாள்கள் மழைநாள்கள். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டும். மெக்சிகோவின் வறண்ட நிலங்கள் பலவற்றில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 400 மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

கரையோரப் பூந்தோட்டத்தில் 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ‘ஃபிளவர் டோம்’ மாடத்தைப் பார்த்தாலே இது புரியும். கள்ளிகளையும் பிற வறண்ட நிலச் செடிகளையும் வைத்திருக்கும் அந்தக் கண்ணாடி மாடத்துக்குள் காற்றைக் குளிர்விப்பதோடு, அதிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். நாம் வீட்டில் காற்றை மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது தொட்டியில் உள்ள மண் மட்டும்தான்.

வேர்களும் மூச்சு விடுகின்றன. மண்துகள்களுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன வெளிகளில் காற்று இருக்க வேண்டும். அந்த வெளிகளில் நீர் நிறைந்துவிட்டால் உயிர்வாயு உள்ளே போகாது. காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வாயு பரவுவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவானது. மூச்சுத் திணறிய வேரில் பூஞ்சைகள் புகுந்துகொள்ளும். தண்டு பழுப்பேறுவது நம் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நாள்களுக்கு முன்பே கீழே வேர் செத்திருக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் செடி சுருங்கும். ‘தண்ணீர் போதவில்லைபோல’ என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். கதை அதோடு முடியும்.

பாத்திரம் துலக்கும் பஞ்சு சொல்லும் பாடம்

தொட்டியில் நீர் எப்படித் தங்குகிறது என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் புதிய பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். நீர் சொட்டும், சற்று நேரத்தில் நின்றுவிடும். இப்போது அதைப் பிழியாமல், அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் நீர் சொட்டத் தொடங்கும்.

பஞ்சு அதேதான், மாறியது உயரம் மட்டும். நுண்துளைகள் கொண்ட எந்தப் பொருளும் தன் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தொட்டி மண்ணும் அப்படித்தான். துகள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ, அவ்வளவு உயரத்துக்கு நீர் நிற்கும். ஓர் அடி உயரத் தொட்டியில் அடியில் இரண்டு விரற்கடை ஈரம் நின்றால் பெரிதில்லை. மூன்று விரற்கடை உயரமே உள்ள அழகுத் தொட்டியில் அதே இரண்டு விரற்கடை ஈரம் நின்றால், வேருக்குக் காய்ந்த இடமே கிடையாது. சின்னக் கள்ளிக்குத்தான் மண் விஷயத்தில் அதிகக் கவனம் தேவை என்பதற்கு இதுவே காரணம்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பி, அதன்மேல் மண் போட்டால் நீர் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த ஈரப்படுகை கல்லுக்குள் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலே உள்ள மண்ணில் போய் நிற்கிறது. அதாவது ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. கல்லை அடியில் போடுவதைவிட மண்ணோடு கலப்பதுதான் பயன் தரும். ஓட்டையில் மண் ஒழுகாமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

எதை எடுப்பது, எதை விடுவது

கடையில் ‘காக்டஸ் மண்’ என்று எழுதிய மூட்டைகள் உண்டு. பெயரை நம்பி வாங்காமல், பையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பொருள்களைப் பார்ப்பது நல்லது. முதலில் பீட் அல்லது கோகோபீட் என்று இருந்து, கடைசியில் கொஞ்சம் மணல் என்று இருந்தால், அது வழக்கமான மண்தான், பெயர்தான் வேறு. அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கலவையின் சிறுபகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

கோகோபீட் என்பது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் துகள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக உலகமெங்கும் ஏற்றுமதியாகிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். விதை முளைக்கவைக்க அருமையான பொருள். கள்ளிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். சிலவற்றில் உப்பு இருக்கும் என்பதால் அலசிப் பயன்படுத்துவது நல்லது. பீட் மண்ணில் வேறொரு தொல்லை உண்டு. முழுதாகக் காய்ந்துவிட்டால் அது நீரை ஏற்காது. ஊற்றிய நீர் தொட்டியின் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் உள்ள வேர்க்கட்டி காய்ந்தே கிடக்கும். கடையிலிருந்து வரும் சின்னக் கள்ளிகள் பெரும்பாலும் இந்த மண்ணில்தான் நட்டிருக்கும்.

கலவையின் பெரும்பகுதி கல்லாக இருக்க வேண்டும். அதில் முதல் இடம் பியூமிஸ் எனப்படும் எரிமலை நுரைக்கல்லுக்கு. குளியலறையில் குதிகால் தேய்க்கும் கல்லின் சின்னத் துண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். தன் துளைகளில் கொஞ்சம் ஈரத்தை வைத்துக்கொண்டு, துண்டுகளுக்கு இடையே காற்றை விடும். எளிதில் பொடியாகாது. கருஞ்சிவப்பு எரிமலைக்கல்லும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

பெர்லைட் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். எரிமலைக் கண்ணாடியைக் கடும் சூட்டில் பொரித்து எடுப்பது. பார்க்கவும் பொரி மாதிரிதான் இருக்கும். எடை இல்லாததால் நீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வந்துவிடும், சின்னச் செடியை இறுகப் பிடித்துக்கொள்ளாது. அதன் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. பையைத் திறந்தவுடன் கொஞ்சம் நீர் தெளித்துவிட்டுக் கையாள்வது நல்லது. பக்கத்து அலமாரியில் வெர்மிகுலைட் இருக்கும். பெயர் ஒன்றுபோலத் தோன்றுவதால் மாற்றி எடுத்துவிடுகிறார்கள். பொன்னிறத்தில் அடுக்கடுக்காகப் பளபளப்பது வெர்மிகுலைட். அது நீரைப் பிடித்துவைப்பது, கள்ளிக்கு வேண்டாம்.

நம் வட்டாரத்துக்கே உரியது சுட்ட மண். நர்சரிகளில் ‘பர்ன்ட் எர்த்’ என்று கேட்டால் தருவார்கள். களிமண்ணை விறகோடு அடுக்கிச் சுட்டெடுத்த மண் இது. சுட்ட களிமண் நீர் பட்டாலும் எளிதில் சேறாகாது. ஆனால் பையில் கட்டியும் பொடியும் கலந்தே இருக்கும். பொடியோடு போட்டால் துகள்களுக்கு இடையே அது போய் அடைத்துக்கொள்ளும். பழைய மாவுச் சல்லடையில் சலித்து, பொடியைக் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, மிளகு முதல் கொண்டைக்கடலை அளவுவரை உள்ள துண்டுகளை மட்டும் கள்ளிக்கு எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் எந்தக் கல்லைப் பயன்படுத்தினாலும் சலிப்பதும் தூசியைக் கழுவுவதும்தான் பாதி வேலை. விலையுயர்ந்த ஜப்பானிய அகடாமா மண்ணைச் சலிக்காமல் போடுவதைவிட, சலித்த சுட்ட மண் மேல்.

மணல் என்றவுடன் கடற்கரை நினைவுக்கு வரலாம். அதில் உப்பு இருக்கிறது, தொட வேண்டாம். நைசான கட்டுமான மணலும் உதவாது. மண்ணோடு கலந்தால் வெளிகளை நிரப்பி, நாளடைவில் இறுகிவிடும். மீன்தொட்டிக்கு விற்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள கரடுமுரடான கல் அதைவிட எவ்வளவோ நல்லது. தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, அரிசி கழுவிய நீர் எல்லாம் மற்றச் செடிகளுக்குப் போகட்டும். கள்ளித் தொட்டியில் அவை பூஞ்சையையும் சின்னக் கொசுறு ஈக்களையும்தான் அழைத்துவரும்.

எவ்வளவுக்கு எவ்வளவு

மழை படாத, நான்கைந்து மணி நேர வெயில் கிடைக்கும் சன்னலோரத்தில் வைப்பதாக இருந்தால், பத்துப் பங்கில் ஏழு பங்கு கல், மூன்று பங்கு மண் என்று கலக்கலாம். வெயில் குறைந்த பொது நடைபாதையிலோ சாரல் அடிக்கும் இடத்திலோ வைப்பவர்கள் எட்டரை பங்கு, ஒன்பது பங்கு கல் என்று போவதே பாதுகாப்பு. ‘டிராகன் ஃபுரூட்’ தண்டில் ஒட்டுக்கட்டிய வண்ணக் கள்ளிக்குப் பாதிக்குப் பாதி போதும். இவை தொடக்க அளவுகள்தான். வாரத்துக்கு ஒருமுறை கை நீளமாக நீர் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் கல்லைக் கூட்டிக்கொள்ள வேண்டும், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லாதவர்கள் குறைத்துக்கொள்ளலாம்.

வீவக வீட்டு நடைபாதையின் வெயில் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், வடக்கு பார்த்த நடைபாதைக்கு ஆண்டின் நடுப்பகுதியில் வெயில் எட்டிப் பார்க்கும். தெற்கு பார்த்ததற்கு ஆண்டிறுதியில். டிசம்பர், ஜனவரி மாத வடகிழக்குப் பருவமழையின்போது வடக்கு பார்த்த நடைபாதையில் வெயிலும் இல்லை, காற்றில் ஈரமும் குறையாது. கள்ளிகள் அதிகம் அழுகக்கூடிய காலம் அது. அந்த மாதங்களில் நீரை ஏறத்தாழ நிறுத்திவிட்டாலும் செடி ஒன்றும் ஆகாது.

கலவை சரிதானா என்று சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஈரமான கலவையை ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்து விடுங்கள். கொழுக்கட்டைபோல உருண்டு நின்றால் இன்னும் கல் வேண்டும், உதிர்ந்துபோனால் சரி. இரண்டாவது, சமையலறைத் தராசு. நட்ட தொட்டியை, நீர் ஊற்றி வடிந்ததும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, காய்ந்தபோது 300 கிராம் இருந்த தொட்டி நனைந்தபின் 360 கிராம் காட்டினால், 60 கிராம் நீர் உள்ளே நிற்கிறது. நான்கைந்து நாள்களில் அது பழைய எடைக்கு அருகில் இறங்கிவிட வேண்டும். பத்து நாளாகியும் 340லேயே நின்றால் கலவையை மாற்றுவது நல்லது. விரலை விட்டுப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, முள்ளும் குத்தாது.

மூடிய பீங்கான் கிண்ணத்தில், மேலே கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டி விற்கும் பரிசுச் செடிகளுக்கு எந்தக் கலவையும் உதவாது. அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் வடிவதற்கு வழியில்லை. அவற்றை வாங்கியவுடன் மாற்றிவிடுவதே நல்லது. மெருகு பூசாத மண்தொட்டி சிறந்தது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். பொங்கல் நேரத்தில் கேம்பல் லேன் பக்கம் குவியும் மண்பானையும் அதே குணம் கொண்டதுதான். அடியில் ஓட்டை போட முடிந்தால் பழைய சின்னப் பானையும் கள்ளிக்கு வீடாகும். செடியைவிட ஓரிரு சென்டிமீட்டர் அகலமான தொட்டி போதும். எட்டு சென்டிமீட்டர் தொட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் கலவை பிடிக்கும். ஐந்து லிட்டர் மூட்டை ஒன்று பதினைந்து தொட்டிகளுக்கு வரும் என்பதால், ஒரே புளோக்கில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கல்லும் மண்ணும் வாங்கிப் பிரித்துக்கொள்வது சிக்கனம்.

கொசுவும் 1.2 மீட்டரும்

இது செடியின் உயிர் பற்றிய விஷயம் மட்டுமல்ல. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சின்ன நாணயம் அளவு தேங்கிய நீரே போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம். தொட்டித் தட்டில் தேங்கும் நீரைப் பலரும் கவனித்துக் கொட்டிவிடுகிறார்கள். இறுகிய மண்ணின் மேற்பரப்பில் தேங்கும் நீரைக் கவனிப்பதில்லை. தேசிய சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் கொசு ஒழிப்பு நடவடிக்கைகளில், இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடுவதும் ஒன்று. கல் மிகுந்த கலவையில் மேற்பரப்பு இறுகுவதும் இல்லை, நீர் நிற்பதும் இல்லை. கள்ளிக்குத் தட்டே தேவையில்லை. கழுவுதொட்டியில் வைத்து நீர் ஊற்றி, வடிந்தபின் எடுத்துவைத்தால் போதும்.

கல் கலந்த தொட்டி கனமானது என்பதையும் மறக்கக்கூடாது. வெயில் அங்கேதான் வருகிறது என்று நடைபாதைக் கைப்பிடிச் சுவர்மேல் அதை வைப்பது கீழே நடப்பவரின் உயிரோடு விளையாடுவது. நடைபாதையில் வைத்தாலும் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும்.

மாற்றி நடும்போது

செடி வாங்கிய ஓரிரு வாரத்தில் மாற்றி நடலாம். அதற்கு முன் சில நாள்கள் நீர் ஊற்றாமல் மண்ணைக் காயவிட்டால் வேரிலிருந்து எளிதாக உதிரும். நாளிதழ்த் தாளை நான்காக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் ஏறாது. சாப்பிடும் குச்சியால் பழைய பீட் மண்ணைக் கிளறி எடுக்க வேண்டும். நடுவில் இறுகிய சின்ன உருண்டை ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு நட்டால் சுற்றிலும் எவ்வளவு நல்ல கலவை போட்டும் பயனில்லை. கருத்த, குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, செடியை நிழலான, காற்றோட்டமான இடத்தில் நான்கைந்து நாள் தாளின்மேல் கிடத்திவைக்கலாம். வெறும் வேரோடு செடி கிடப்பதைப் பார்க்க மனம் பதறும். கள்ளிக்கு அது பழக்கமானதுதான். வறட்சியில் நுண்வேர்களைத் தானே உதிர்த்துவிட்டு, மழை வந்ததும் புதிதாக விடுவது அதன் இயல்பு.

நட்டபின் ஒரு வாரம் நீர் வேண்டாம். அதன்பிறகு ஊற்றும்போது தெளிக்காமல், அடியில் வழியும்வரை ஊற்றி, முழுதாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். கல்லில் சத்து அதிகம் இல்லாததால், செடி வளரும் மாதங்களில் பூச்செடி உரத்தைப் பையில் சொன்னதில் கால்பங்கு கரைத்து மாதம் ஒருமுறை கொடுக்கலாம்.

இரண்டு ஆண்டுகளில் கலவையில் உள்ள பீட் மக்கிப் பொடியாகும். அப்போது தொட்டியைக் கவிழ்த்துச் சலித்தால், பொடி கீழே போய்க் கல் மிஞ்சும். கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்த அந்தக் கல்லை மறுபடியும் பயன்படுத்தலாம். சலித்த பொடியைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அது கறிவேப்பிலைத் தொட்டிக்கு.